நம்பிக்கை உறவு முறிந்தது

திங்கள் காலை எட்டு நாற்பது.
எடைமேடையில் சந்தூர் டிராக்டர் ஒன்று
பெங்களூராவைக் குவித்துக்கொண்டு உறுமுகிறது.
என் கணினி திறக்கவில்லை.

கடவுச்சொல்லை மூன்று தரம் அடித்தேன்.
மூன்றாவது தரம் ஒவ்வோர் எழுத்தாக,
ஊசியில் நூல் கோக்கிற மாதிரி.
திரை சொன்னது:
இந்தக் கணினிக்கும் டொமைனுக்கும் இடையிலான
நம்பிக்கை உறவு முறிந்தது.

குடும்பநீதிமன்ற வராண்டாவில்
என் வக்கீல்கூட இவ்வளவு சுத்தமாகச் சொன்னதில்லை.
"ஒத்துவரவில்லை" என்றுதான் எழுதினார்,
அதிலும் ஒரு எழுத்துப்பிழை.

பதினொன்றுக்கு ஓசூரிலிருந்து திம்மராயன் வந்தான்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே குனிந்து பார்த்தான்.
"அக்கா, உங்க மெஷினோட கணக்கையே சர்வர்ல அழிச்சிருக்காங்க."
மெஷினுக்குமா கணக்கு?
"அதுக்கும் ஒரு பாஸ்வேர்டு இருக்கு.
முப்பது நாளைக்கு ஒருதரம் அதுவே மாத்திக்கும்,
நம்மகிட்ட சொல்லாது."

என்னைவிட விவரமான மெஷின்.

"ரேஷன் கார்டுல பேரு நீக்கிடறாங்கல்ல, அப்படித்தான்.
ஆளு வீட்ல இருக்கு, பேரு இல்ல."

யார் நீக்கினது என்றேன்.
தன் ஐடியில் நுழைந்து பதிவுகளைக் கீழே தள்ளிக்கொண்டே போனான்.
நிறுத்தினான்.
ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

சனிக்கிழமை இரவு 11:46
ஜபீன் தாஜ், கணக்குப் பிரிவு: அட்மின் உரிமை வழங்கப்பட்டது.
11:49
எடைப் பதிவேடு திருத்தம். திருத்தியவர்: ஜபீன் தாஜ்.
11:52
கணினி நீக்கம். நீக்கியவர்: ஜபீன் தாஜ்.
அதே நிமிடம், உரிமை திரும்பப் பெறப்பட்டது.

ஆறு நிமிடம்
இந்தக் கூழ் ஃபேக்டரி முழுக்க என் கையில் இருந்திருக்கிறது.
அப்போது நான் பழையபேட்டையில்
மழைக்குக் கரண்ட் போன வீட்டில்
கணக்கு நோட்டால் மகனுக்கு விசிறிக்கொண்டிருந்தேன்.
போனில் நாலு சதவீதம் சார்ஜ்.

கடவுச்சொல்லை ஒரே ஒரு தரம்தான் சொன்னேன்.
மே மாதம், அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றபடி,
ஸ்டேட்மென்ட் அவசரம் என்று மேனேஜர் சீனப்பா கூப்பிட்டபோது.
மகன் பெயர், பிறந்த வருடம்.
எழுத்தெழுத்தாகச் சொன்னேன், குறித்துக்கொண்டார்.
அதற்குமுன் வாயில் நுழையாத பெயர்.
அன்றிலிருந்து அவர் அதைத் தப்பாகச் சொன்னதேயில்லை.

இதை நான் திம்மராயனிடம் சொல்லவில்லை.

டிராக்டர்க்காரர் முனிவெங்கட்டன் ஜன்னலில் தலை நீட்டினார்,
பின்னால் சையத் பாஷா மலை, அவர் தோளில் ஒரு குளவி.
"போன வாரத்துக் காசு கம்மியா விழுந்திருக்கும்மா."
மடித்து மடித்துத் துணிபோல் ஆன சீட்டு.
நாலாயிரத்து முந்நூற்றுப் பத்து கிலோ. என் கையெழுத்து.
திரையில் நாலாயிரத்து நூற்று முப்பது.
மூன்றும் ஒன்றும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன,
பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்ட இரண்டு பேர்போல,
ஒன்றும் நடக்காததுபோல.

அதற்குக் கீழே இன்னும் முப்பத்தொரு பெயர்கள்.
பட்டுவாடாப் பட்டியல் பத்து மணிக்கே வங்கிக்குப் போயாயிற்று.

"நீங்க அடிச்சதா அக்கா?"
திருத்தியவர் நான்தானே, போட்டிருக்கிறதே.

திம்மராயன் என் முகத்தைப் பார்த்தான்,
கண்ணாடிக் கதவைப் பார்த்தான்.
பிறகு திரையைப் பூட்டாமல் எழுந்தான்.
எப்போதும் பூட்டிவிட்டுத்தான் எழுவான்,
தண்ணீர் குடிக்கக்கூட.
"டீ குடிச்சிட்டு வரேன். பத்து நிமிஷம் ஆகும்."

போனில் ஐந்து படம் எடுத்தேன்.
இரண்டு கை நடுங்கி மங்கிவிட்டது, திரும்ப எடுத்தேன்.
கூழ் காய்ச்சும் வாசனை அறைக்குள் வந்து
பல்லில் ஒட்டியது.

அவன் வந்து மெஷினைத் திரும்பச் சேர்த்தான்.
டொமைனுக்கு நல்வரவு என்றது,
இதுவரை எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை.
ரீஸ்டார்ட்.

கண்ணாடிக் கதவு திறந்தது.
"என்ன ஜபீன், சரியாயிடுச்சா? அஃப்னான் எப்படி இருக்கான்?"
நல்லா இருக்கான் சார் என்றேன்.

முதல் கட்டத்தில் பழைய கடவுச்சொல்லை அடித்தேன், கடைசியாக.
இரண்டாவது கட்டத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
சீனப்பா போகிற மாதிரி தெரியவில்லை.
விசைப்பலகையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.